ஒற்றைக் கூப்பாடு

மஞ்சக்கல்லூர் கோர்ட்டில் பெயர் கூப்பிடுவது சோபனாவின் வேலை. சிவப்பு டவாலியைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, ஹாலுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் உள்ள படியில் நிற்பாள். உள்ளே பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைச் சொன்னதும் வெளியே திரும்பி மூன்று முறை கூப்பிடுவாள். அவள் அப்பா ஆரோக்கியராஜும் அதே படியில் நின்றவர்தான். சர்வீஸில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போனார். வாரிசு வேலையாக அது இவளுக்கு வந்தது. வேலையோடு குரலையும் சேர்த்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ஆபீசில் சொல்வார்கள்.

மற்ற நேரத்தில் அவள் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் இரண்டு தடவை "எங்கம்மா?" என்பான். கூப்பிடும்போது மட்டும் அடிவயிற்றிலிருந்து வேறு யாரோ எழுந்து வருவது போலிருக்கும். அந்த வேறு யாரோவை அவளுக்குப் பிடித்திருந்தது. நாளெல்லாம் அடங்கி ஒடுங்கிக் கிடந்த ஒருத்தி, அரசாங்கச் செலவில் கத்திக்கொள்ளக் கிடைத்த இடம் அது.

மூன்று கூப்பாட்டுக்கும் ஜனங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். முதல் கூப்பாட்டுக்கு யாரும் அசைய மாட்டார்கள். இரண்டாவதற்கு டீ டம்ளரைக் கீழே வைப்பார்கள், முந்தானையைச் சரிசெய்வார்கள். மூன்றாவதற்குத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுவார்கள். சோம்பேறித்தனம் இல்லை அது. காத்துக்கருப்பு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும், அதற்கு ஒருமுறைதான் கூப்பிட வரும், மறுபடி கூப்பிடுவது மனுசன்தான் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தமிழ் பேசுகிற வீட்டிலும் உண்டு, கன்னடம், தெலுங்கு பேசுகிற வீட்டிலும் உண்டு. பிள்ளை பேச ஆரம்பிக்கும்போதே சொல்லிவைத்து விடுவார்கள்: ஒருவாட்டி கூப்பிட்டா ஏன்னு கேக்காதே. வளர்ந்த பிறகு யாரும் அதை நினைப்பதில்லை. ஆனால் உடம்பு நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆனி மாதக் கடைசியில் புது நீதிபதி வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். காலர் மடிப்புக் கலையாத ஆள். யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். முந்தைய நீதிபதி கோபம் வந்தால் கேஸ் கட்டைத் தூக்கி எறிகிறவர். அவர் போய் இவர் வந்ததில் ஆபீஸ் முழுக்க மூச்சுவிட்டது. "தங்கமான மனுசன்" என்றார் சிரஸ்தார் அறிவழகன். கோர்ட் ஆபீசுக்கு அவர்தான் பெரியவர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு எல்லோரையும் கிண்டல் செய்கிறவர்.

மூன்றாம் நாள் நீதிபதி சோபனாவைச் சேம்பருக்கு அழைத்தார்.

"உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. இரண்டாவது முறை சொல்லாமல் புன்னகைத்தார்.

"நல்ல குரல் உங்களுக்கு. ஆனா கோர்ட் சந்தை இல்ல, பாருங்க. நான் சாட்சியைக் கேட்டுக்கிட்டிருக்கேன், நீங்க வெளியில ஊரையே எழுப்பறீங்க. இனிமே ஒருமுறை போதும். மெதுவா."

"ஐயா, மூணு தடவை கூப்பிடறது..."

"பழக்கம். தெரியும். இது ஆர்டர் எல்லாம் இல்லம்மா. ஒரு வேண்டுகோள்."

வெளியே வரும்போது அவளுக்குத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கலாம். அவர் பாராட்டி அல்லவா அனுப்பியிருந்தார்.

பிறகு மற்ற வேண்டுகோள்கள் வந்தன. வராந்தாவில் கூட்டம் வேண்டாம் என்று, வழக்குக்கு வரும் கட்சிக்காரர்களின் பெஞ்சுகள் கட்டடத்தின் பின்பக்கம், பதிவறைச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகைக்குப் போயின. வராந்தாவுக்குக் குறுக்கே ஒரு நைலான் கயிறு வந்தது. கயிற்றோரம் ஒரு போலீஸ்காரர் வந்தார். வக்கீல்களும் அவர்களுடைய ஜூனியர்களும் மட்டும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரலாம். பின்பக்கக் கொட்டகையில் காற்று நன்றாக வரும், மின்விசிறிகூட மாட்டிக் கொடுத்தார். அந்த மின்விசிறி சுற்றும் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது.

அறிவழகன்தான் ஒருநாள் கேட்டார். "ஐயா, இதையெல்லாம் ஒரு சர்க்குலரா எழுதிக் கொடுத்துட்டா போர்டில ஒட்டிருவேனுங்க. ஜனங்களுக்குத் தெரியும்."

"எழுதணுமா?" என்றார் நீதிபதி, நிஜமாகவே யோசிப்பவர் போல. "பார்க்கலாம்."

அடுத்த வாரம் அறிவழகன் மாவட்டத்தின் மறுகோடியில் ஆள் இல்லாத ஒரு கோர்ட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டார். வீட்டிலிருந்து மூன்று பஸ் மாறவேண்டும். தண்டனை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அனுபவமுள்ளவர் தேவை என்றுதான் இருந்தது. போகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சோபனாவிடம் வந்தார்.

"பாத்தியாம்மா, வாயைத் தெறந்து எழுத்து கேட்டேன். எழுத்தாவே வந்துருச்சு. வெத்தலையோட நிறுத்தியிருக்கணும் இந்த வாயை."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய உதடு அன்று வெளுத்திருந்ததை மட்டும் பார்த்தாள்.

வக்கீல் தமிழ்மணியிடம் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள், இப்படி ஒருத்தர் மாற்றலாமா என்று. அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "எப்படிக் கூப்பிடணும், எத்தனை தரம் கூப்பிடணும்னு எந்தச் சட்டத்துலம்மா இருக்கு? அவரு கோர்ட்டை அவரு நடத்தறாரு. எந்தக் கேஸை முன்னாடி எடுக்கறது, எதைக் கடைசியில தள்றது, யாரு எங்க நிக்கறது, எல்லாம் அவரு இஷ்டம். தீர்ப்பு தப்புன்னா அப்பீல் போகலாம். பெஞ்சை நகர்த்தினதுக்கு எங்க அப்பீல் போறது?"

"நீங்கள்லாம் சேர்ந்து சொன்னா..."

"சொல்லலாம். எனக்கு அவரு முன்னால எத்தனை கேஸ் நிலுவையில இருக்கு தெரியுமா? நீ வேற."

முதலில் விழுந்தவர் சென்றாயன். தன் வரப்பை வெட்டிவிட்டான் என்று பக்கத்துக் காட்டுக்காரன் மேல் வழக்குப் போட்டிருந்தவர். அவருடைய வக்கீல் அன்று வரவில்லை. சோபனா படியில் நின்று ஒருமுறை, மெதுவாக, "சென்றாயன்" என்றாள். கயிற்றோரம் நின்ற போலீஸ்காரர்கூடத் திரும்பவில்லை. உள்ளே நீதிபதி பேனாவை எடுத்தார். அழைக்கப்பட்டார், ஆஜரில்லை, தள்ளுபடி. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மத்தியானம் சென்றாயன் கயிற்றோரம் வந்து நின்றார். கையில் பிரிக்காத பன் பாக்கெட்.

"அம்மிணி, என்னை இன்னும் கூப்பிடலையேம்மா?"

"உங்க வக்கீலைப் போய்ப் பாருங்க" என்றாள் சோபனா.

"அவரு சேலம் போயிருக்காருங்க. நீ கூப்பிட்டா நான் வந்திருவனே. நான் எங்கயும் போகலை, ஒண்ணுக்குக்கூடப் போகலை."

திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போடலாம். அந்த மனுவும் இதே நீதிபதியிடம்தான் வரும், அதற்கும் ஒருநாள் குறிப்பார்கள், அன்றைக்கும் சோபனாதான் ஒருமுறை கூப்பிடுவாள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ்காரர் "நகருய்யா" என்றார்.

சென்றாயனுக்குப் பிறகு பலர். நிலுவை குறைந்தது. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு வழக்குகள் முடிந்ததில்லை என்று மேலிருந்து பாராட்டு வந்ததாக நீதிபதியே எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். "இது நம்ம எல்லாருக்குமான பாராட்டு" என்றபோது அவர் கண் சோபனாமேல் ஒரு நொடி நின்றது. அந்த நொடியில் அவளுக்கு உள்ளே ஏதோ மலர்ந்ததையும் மறைக்க முடியாது. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் கிளறிக்கொண்டு வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் இப்போது அவள் முகத்தையே பார்க்கிறார்கள். முன்பு குரலைக் கேட்டார்கள். இப்போது உதடு அசைகிறதா என்று பார்க்கிறார்கள். வயசில் பெரியவர்கள்கூட அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். கத்தி அழைத்த காலத்தில் இல்லாத மரியாதை. பயம்தான் அது என்று தெரிந்தும், அது தன் தோளில் டவாலியைவிடக் கனமாக, டவாலியைவிட அழகாகக் கிடந்ததை அவள் உணர்ந்தாள். அதை உணர்ந்த தன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அம்மா சாலம்மாள் ராகிக் களியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "என்னடி, நாலு நாளா பேச்சே காணோம்? அங்கதான் சத்தம் போடக்கூடாதுன்னா இங்கயுமா?"

"தொண்டை சரியில்லம்மா."

"உங்கப்பா காய்ச்சலோட போயும் கூப்பிட்டாரு. மூணாவது கூப்பாட்டை இழுத்து விடுவாரு பாரு, எதிர்த்த கடையில டீ ஆத்தறவனும் நிறுத்திட்டுப் பாப்பான்." கரண்டியைத் தட்டினாள். "உன் பைலு என்னாச்சு? கையெழுத்துப் போட்டாரா?"

பைல் நீதிபதியின் மேசையில் இருந்தது. சோபனாவின் வேலையை நிரந்தரமாக்க அவர் ஒரு நல்ல வார்த்தை எழுதி மேலே அனுப்பவேண்டும். தகுதிகாண் காலம் முடிந்தும் அது அங்கேயே கிடந்தது. சேம்பருக்குள் தண்ணீர் வைக்கப் போகும்போதெல்லாம் அவள் கண்ணில் படும் இடத்தில், மேலாக. யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை. பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

காசியம்மாளின் வழக்கு ஆவணியில் வந்தது.

நாற்பத்தைந்து வயதிருக்கும். புருசன் போனபிறகு தனியாளாகத் தக்காளி போட்டு, ஆடு வளர்த்து இருக்கிறவள். கொழுந்தன் கிருஷ்ணப்பன் அவள் குடியிருக்கிற வீடும் கிணறும் சேர்ந்த நிலம் முழுக்கத் தன் பங்கு என்று வழக்குப் போட்டிருந்தான். அவள் வக்கீல் பாதியில் விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளே வந்துகொண்டிருந்தாள். அன்று அவள் ஆஜரில்லை என்று எழுதிவிட்டால், கிருஷ்ணப்பன் சொன்னதே தீர்ப்பு. வீடும் போகும், கிணறும் போகும்.

காலையில் கோர்ட் திறக்கும் முன்பே சோபனா பின்பக்கக் கொட்டகைக்குப் போனாள். காசியம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நான் ஒருதரம்தான் கூப்பிடுவேன். முதல்லயே வந்திரணும்."

"அட ஏங் கண்ணு, மூணு தடவ கூப்பிட வாய் வலிக்குதா?" கடலையை நீட்டினாள். "இந்தா. மொதக் கூப்பாட்டுக்கு ஓடினா கிருஷ்ணப்பன் என்ன நெனப்பான்? கொழுந்தனுக்குப் பயந்துட்டா அண்ணின்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

"சொல்றதைக் கேளுங்கக்கா. சென்றாயன் கேஸ் போச்சு. தெரியுமில்ல?"

உரித்த கடலை கையிலேயே நின்றது. "அது அவரு தூங்கிட்டாருன்னாங்க."

"தூங்கலை."

காசியம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மிக மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று சோதிப்பவள் போல, சோபனாவின் மணிக்கட்டைத் தொட்டாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பது போலிருந்தது. சோபனா கையை இழுத்துக்கொண்டாள்.

"இங்க உக்காந்தா கேக்காதே கண்ணு."

"கயித்துக்கிட்ட வந்து நில்லுங்க."

வந்து நின்றாள். போலீஸ்காரர் பின்னால் அனுப்பினார். மறுபடி வந்தாள். மறுபடி அனுப்பினார். படியில் நின்று சோபனா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் காசியம்மாள் சுவர்மூலை திரும்பி மறைவதைப் பார்த்த நிமிடத்தில்தான் உள்ளே பெஞ்ச் கிளார்க் எண்ணைச் சொன்னார்.

"கிருஷ்ணப்பன், காசியம்மாள்" என்றாள் சோபனா. ஒருமுறை. மெதுவாக.

கிருஷ்ணப்பனின் வக்கீல் உள்ளே எழுந்து நின்றுவிட்டிருந்தார். மேசைமேல் பேனா மூடி திறக்கும் சின்னச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சோபனாவுக்குக் காலையில் தொட்ட மணிக்கட்டில் சில்லென்றது. இந்த அம்மா என்னைத் தொட்டுப் பார்த்தது நான் மனுசிதானா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அவள் டவாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"காசியம்மாள்!"

போலீஸ்காரர் துள்ளித் திரும்பினார். அடுத்ததை அவள் அப்பா இழுப்பது போல இழுத்தாள். "காசியம்மாஆள்!" எதிர்க்கடையில் யாரோ டம்ளரைக் கீழே வைப்பது கேட்டது. பின்பக்கத்திலிருந்து செருப்பு தரையில் உரசிக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

காசியம்மாள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். கல்யாணமாகி வந்தது, கிணறு தோண்டியது, புருசன் செத்தது. நீதிபதி அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டார். ஓரிடத்தில் அவள் அழுதபோது தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குறுக்கு விசாரணைக்கு வேறு தேதி போட்டார். இறங்கிப் போகும்போது காசியம்மாள் கும்பிட்டாள். அவரும் தலையசைத்தார்.

அன்று சாயந்திரம்வரை சோபனா காத்திருந்தாள். மெமோ வரும், அழைப்பு வரும் என்று. எதுவும் வரவில்லை. காரில் ஏறும்போது அவர் அவள் பக்கம் திரும்பி, "நல்லா கேட்டது" என்றார்.

மறுநாள் காலை அவளுடைய பைல் கையெழுத்தாகி மேலே போயிருந்தது. நல்ல வார்த்தைதான். நேர்மையானவர், கடமையில் கருத்துள்ளவர், பொறுப்பான பிரிவில் பணியமர்த்தத் தகுந்தவர். ஆபீசில் எல்லோரும் கைகொடுத்தார்கள். "ட்ரீட் எப்பம்மா? வாயே திறக்காம காரியத்தைச் சாதிச்சிட்டியே" என்றாள் டைப்பிஸ்ட் சசிகலா. அந்தக் கிண்டலுக்குள் ஒரு முள் இருந்தது: நீ அவருடைய ஆள்.

பொறுப்பான பிரிவு என்பது பதிவறை. முடிந்துபோன வழக்குகளின் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கும் அறை. டவாலியை நீதிபதி வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த முருகேஷிடம் கழற்றிக் கொடுத்தாள். முருகேஷ் அதை வாங்க முடியாமல் நின்றான்.

"எனக்கு இது வேணாங்கக்கா. எனக்குக் கூப்பிட வராது. நான் அங்க ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தவன்."

"அதனாலதான் உன்னைப் போட்டிருக்காங்க" என்றாள்.

பதிவறையில் ட்யூப்லைட் ஒன்று. உள்பக்கக் கதவு ஹாலுக்குப் போகும் நடையில் திறக்கும். பின்சுவரில், நிற்பவர் தலைக்குமேல், கம்பி போட்ட சின்ன ஜன்னல். ஸ்டூலில் ஏறினால், கொட்டகையின் தகர விளிம்புக்குக் கீழே, உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். முதல் வாரம் அவள் அந்த ஸ்டூலில் ஏறவில்லை. கட்டுகளைத் தூசி தட்டினாள். தூசி தொண்டையில் படிந்தது. நாள் முழுக்க ஒரு சொல்கூடப் பேசாமல் இருக்க முடிந்தது. வேலை நிலைத்துவிட்டது, அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்த நாள் பார்த்தாள், நல்ல இடத்துச் சம்பந்தம் ஒன்றுகூடக் கேட்டு வந்தது. தனக்குக் கெடுதல் எதுவுமே நடக்கவில்லை என்று சோபனா தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அந்த அறை சின்னதாகிக்கொண்டே வந்தது.

உள்பக்கக் கதவைத் திறந்துவைத்தால் பெஞ்ச் கிளார்க் சொல்லும் எண்கள் கேட்கும். அதன்பின் முருகேஷின் குரல், கனைப்பு மாதிரி, ஒருமுறை. அதன்பின் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கடலை உரித்துக்கொண்டு, தன் பெயர் இன்னும் வரவில்லை என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானத்துக்குமேல் அந்தக் கட்டு முடிந்த வழக்காக இவளிடமே வந்து சேரும். இவள் அதை வாங்கி அடுக்குவாள்.

காசியம்மாளின் குறுக்கு விசாரணை நாளன்று சோபனா காலையிலேயே ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில், வெடிப்பு விழுந்த குதிகாலும் ஒரு விரலில் மெட்டி கழற்றிய தடமுமாகக் காசியம்மாளின் கால். வெளியே போய்ச் சொல்லலாம் என்று கதவுவரை போனாள். நடையில் நீதிபதி நின்று புது சிரஸ்தாரிடம் மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"ரூம் வசதியா இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க."

அவள் உள்ளே திரும்பினாள். வேண்டியதைச் சொல்லியிருக்கலாம். ஐயா, அந்த அம்மாவைக் கேட்கிற மாதிரி கூப்பிடச் சொல்லுங்க. ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தது. யோசிப்பவர் போலப் பார்க்கலாம் என்பார். அறிவழகனிடம் சொன்னது போல. அவருக்குக் கோபம் வராதென்று தெரிந்த பயம், கோபம் வருமென்ற பயத்தைவிட ஆழத்தில் இருந்தது.

எண் கேட்டது. முருகேஷின் கனைப்பு கேட்டது.

அவள் எப்படி ஸ்டூலில் ஏறினாள் என்று பிறகு நினைவில்லை. கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் அசையாமல் இருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டவாலி இல்லாமல் கூப்பிட்டால் அது கோர்ட்டின் அழைப்பு ஆகாது. சுவருக்குள்ளிருந்து வருகிற ஏதோ ஒரு குரல்தான். கேட்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட குரலாகத் தோன்றும் என்று அவளுக்குத் தெரியும்.

"காசியம்மாள்!"

கொட்டகையில் எல்லாக் கால்களும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டன. யாரோ "யாரு, எங்கிருந்து?" என்றார்கள். காசியம்மாளின் குதிகால் தரையிலிருந்து எழும்பி அப்படியே நின்றது.

"காசியம்மாள்!"

ஒரு மூதாட்டி "போகாதடி" என்பது கேட்டது. காசியம்மாள் எழுந்துவிட்டாள். ஆனால் நடக்கவில்லை. ஜன்னல் இருக்கும் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் முகம் தெரியவில்லை. உள்நடையில் செருப்புச் சத்தம், அவசரமில்லாத சத்தம், பதிவறை நோக்கி வந்துகொண்டிருந்தது. சோபனா திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை அடிவயிறுவரை இழுத்தாள். இந்த முறை வேறு யாரோ எழுந்து வரவில்லை. அவள்தான்.

"காசியம்மாஆள்! ஓடு அக்கா!"

கால்கள் ஓடின. சுவர்மூலையைத் திரும்பின. முன்பக்கத்தில் போலீஸ்காரரின் அதட்டலும், அதைவிட ஓங்கி "என்னைக் கூப்பிட்டாங்கய்யா, கயித்தை விடுய்யா" என்ற காசியம்மாளின் குரலும் கேட்டன. பிறகு ஹாலுக்குள் அமைதி. பிறகு கிருஷ்ணப்பனின் வக்கீல் கேள்வி கேட்கும் சத்தம், "ஏம்மா, உங்க புருசன் எந்த வருசம்..." வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் ஆஜர்.

சோபனா ஸ்டூலிலிருந்து இறங்கியபோது கதவருகே யாரும் இல்லை. வந்த செருப்புச் சத்தம் வாசலோடு நின்று, திரும்பிப் போயிருந்தது.

அன்றும் மெமோ வரவில்லை. மறுநாளும் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது சாலம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். "வேலை போனா போவுது, களை வெட்டப் போலாம்" என்றாள். ஆனால் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். வழக்கு தீர்ப்புக்கு வைக்கப்பட்டிருந்தது. தேதி ஒரு மாதம் தள்ளி. சசிகலா சொன்னாள், அந்த அம்மா நன்றாகத்தான் பதில் சொன்னாளாம், அடி சறுக்கவில்லையாம். தீர்ப்பை எழுதப்போவது அவர்தான். அதை எழுத யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

திங்கட்கிழமை காலை சோபனா வந்தபோது பதிவறைக்குப் பின்னால் மணலும் ஒரு மூட்டை சிமெண்டும் இறங்கியிருந்தன. கொத்தனார் ஒருவர் ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பாதிவரை ஏறியிருந்தது. உள்ளே போய் ஸ்டூலில் ஏறினாள். இடைவெளியில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன.

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் ஆர்டர்னு ஒண்ணும் போடலைங்கம்மா. தூசி வந்து கட்டெல்லாம் பாழாவுதாம், ஐயா வருத்தப்பட்டாராம்." கரணையால் கலவையை அள்ளி அடுத்த செங்கல்லுக்கு அடியில் அப்பினார். "உள்ள லைட் இருக்குதில்லீங்க?"

"இருக்கு" என்றாள்.

"அப்ப பரவால்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல தெறிக்கும்."

அவள் தள்ளி நிற்கவில்லை. செங்கல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு அன்றைய ஜனங்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். பைகளை வைக்கும் சத்தமும், ஒரு குழந்தையின் இருமலும், யாரோ மின்விசிறியைப் போடச் சொல்வதும் மீதியிருந்த இடைவெளி வழியாக வந்தன. அந்த இடைவெளியில் வாய் வைத்து அவள் அவர்களிடம் எதைச் சொல்லவேண்டும் என்று யோசித்தாள். பெயர்கள் ஒன்றும் அவளிடம் இல்லை.

"முன்னால போய் உக்காருங்க" என்றாள் சத்தமாக. "எல்லாரும் எந்திரிச்சு முன்னால, கயித்துக்கிட்டப் போய் உக்காருங்க. விரட்டினாலும் எந்திரிக்காதீங்க."

கொத்தனார் கரணையை நிறுத்தி அவளைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு அடங்கியது. பெஞ்சு ஒன்று நகர்ந்ததா, யாராவது வெறுமனே மூட்டையை இழுத்தார்களா என்று தெரியவில்லை. கொத்தனார் அடுத்த செங்கல்லை எடுத்து, ஒரு கணம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, வைத்தார்.